வெள்ளைக்காரன் கட்டியதா?

நேற்று சென்ட்ரலில் இறங்கி, மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்தவர் தன் மகளிடம், "வெள்ளைக்காரன் கட்டியது பார், எப்படி நிற்கிறது!" என்றார். வீடு வந்து சேரும்வரை அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது.

1909-இல் அந்த மாளிகைக்கு அடிக்கல் நாட்டியவர் வைஸ்ராய் மின்டோ பிரபு. 1913-இல் திறந்து வைத்தவர் அடுத்த வைஸ்ராய் ஹார்டிங் பிரபு. பெயர் கொடுத்த ரிப்பன் பிரபுவோ 1884-லேயே வைஸ்ராய் பதவி முடிந்து ஊருக்குப் போனவர். அடிக்கல் நாட்டுவதற்குச் சில மாதங்கள் முன்பே இறந்தும் போனார். சரி, கட்டியது யார்? லோகநாத முதலியார் என்ற கான்ட்ராக்டர். மொத்தச் செலவு ஏழரை லட்சம் ரூபாய். அதில் ஐந்தரை லட்சம் அவருக்குக் கொடுத்த கூலி. பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலைக் கட்டியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். எழும்பூரில் கன்னிமாரா நூலகம், பாரிமுனையில் 1892-இல் திறந்த உயர் நீதிமன்றம் எல்லாம் அவர் கைவேலைதான். கணிதமேதை ராமானுஜன் கடைசி நாட்களைக் கழித்த சேத்துப்பட்டு வீடும் இந்தச் செட்டியாருடையதுதான் என்பது உபரித் தகவல்.

செட்டியார் கட்டியவற்றுக்கு வரைபடம் போட்ட வெள்ளைக்காரர்களான சிஷோல்மையும் ஹென்றி இர்வினையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. கெட்டிக்காரர்கள். ஆனால் காகிதத்தில் வளைவு வரைவது ஒரு வேலை. செங்கல்லை அடுக்கி அந்த வளைவைக் கீழே விழாமல் நிறுத்துவது வேறு வேலை. உயர் நீதிமன்றத்தின் செங்கல் முகத்தில் பூச்சு கிடையாது. ஒட்டு கொஞ்சம் பிசகினாலும் ஊரே பார்க்கும். அதன் கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் வேறு எரிந்தது. வரி கட்டியதும் நாம், மண் சுமந்ததும் நாம், பெயர் மட்டும் வெள்ளைக்காரனுக்கா?

என் தாத்தா கொத்தனார். காணி வழக்கு ஒன்றுக்காக ஒரே ஒரு முறை ஊரிலிருந்து அந்த நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறார். திரும்பிப் போனதும் பாட்டி, "வழக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டாராம். "வளைவு ஒன்றில்கூட நூல் பிசகவில்லை" என்றாராம் தாத்தா.