அந்த 'பி' பாலாம்பாளுடையது

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த மேடை வீடியோவை நானும் பார்த்துத் தொலைத்தேன். பாடகியும் நடிகையுமான கே.பி. சுந்தராம்பாளைப் பற்றிய பேச்சு. கே.பி.எஸ். என்றால் கொடுமுடி பாலசுப்பிரமணியம் சுந்தராம்பாளாம். எழுதிக் கொடுத்தவருக்கும் தெரியவில்லை, வாசித்தவருக்கும் தெரியவில்லை, முன்வரிசை கைதட்டுகிறது. இனிஷியல் என்றால் அப்பாதான் என்று அவர்களாகவே முடிவுகட்டி, எங்கிருந்தோ ஒரு பாலசுப்பிரமணியத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அந்த 'பி' பாலாம்பாள். சுந்தராம்பாளின் அம்மா.

ஓர் எழுத்துக்கா இவ்வளவு கோபம் என்பீர்கள். சரி, சுந்தராம்பாளின் கணவர், நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவை மட்டும் செங்கோட்டை கங்காதரய்யர் மகன் என்று அதே ஆள் அதே மேடையில் பிசகாமல் சொன்னாரே, அது எப்படி? வாய் தவறியிருக்கும் என்றால், இருக்கலாம். இந்த வாய் ஏன் எப்போதும் அப்பா பக்கமாகவே தவறுகிறது?

"அந்தக் காலத்தில் அம்மா பெயரைப் போட்டால் என்ன அர்த்தம்னு தெரியாதா" என்று கண்ணடிக்கும் பொம்மையோடு வருபவர்களுக்கு: தெரியும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் எம்.எஸ். என்பது மதுரை சண்முகவடிவு. வீணை வாசித்த அம்மா. காலையில் சுப்புலட்சுமியின் குரலைக் கேட்டுக் கும்பிடும்போது இந்தக் கண்ணடிப்பெல்லாம் எங்கே போகிறது?

எனக்கு ஏன் சுடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பில் சேர்க்க அம்மா கூட்டிக்கொண்டு போனாள். "தகப்பனார் பெயர் இல்லாம இனிஷியல் போட முடியாதும்மா" என்றார் கிளார்க். "நான்தானே வளக்கிறேன், என் பேரைப் போடுங்க" என்றாள் அம்மா. அவர் சிரித்தார். பக்கத்து மேசையும் சிரித்தது. எனக்கு இரண்டு வயதில் வீட்டைவிட்டுப் போனவரின் எழுத்து அன்று என் பெயருக்கு முன்னால் ஏறியது, இன்றைக்கும் ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றிலும் அதுதான். அந்த மனிதரின் முகம்கூட எனக்கு நினைவில்லை. அம்மா ரசீதை நாலாக மடித்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப் வரை ஒன்றும் பேசவில்லை.

அப்புறம், வீடியோவின் மீதி நேரம் முழுக்கக் கிட்டப்பாவோடான காதல் கதை. 1933-இல் அவர் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலைக்கு மாறினார், உண்மை. ஆனால் அதற்கப்புறம் 47 வருடம் வாழ்ந்திருக்கிறாரய்யா! இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிக்க மாட்டேன் என்றவர், 1935-இல் சினிமாவில் நந்தனாராகத் தானே ஆண் வேடம் கட்டினார், அதுவும் ஒரு லட்ச ரூபாய் சம்பளத்துக்கு. 1953-இல் ஔவையார். சட்ட மேலவை உறுப்பினர். 1970-இல் பத்மஸ்ரீ. இவ்வளவுக்கும் அந்த மேடை ஒதுக்கியது ஒன்றரை நிமிடம், அதிலும் பாதி வெள்ளைச் சேலை. முன்னால் ஓர் அப்பா, பின்னால் ஒரு புருஷன், நடுவில் அந்த அம்மாள் கொஞ்சம் பாடவும் செய்தாராம்.

வீடியோவுக்குக் கீழே 'பாலாம்பாள்' என்று மட்டும் ஒரு கமெண்ட் போட்டேன். இரண்டு லைக் வந்திருக்கிறது. ஒருத்தர் கேட்டிருக்கிறார், "யாருங்க அது?"