பொம்மை என்று சொன்ன மச்சானுக்கு

நேற்று நான் போட்ட என் நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் மிஷின் போட்டோவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி விளக்கப் போவதில்லை. "மச்சான், அது சின்னப் பசங்க பொம்மை, 4கே கூட வராது" என்று துரை எழுத, கீழே வரிசையாகச் சிரிப்பு. 4கே என்றால் படம் ரொம்பத் துல்லியமாகத் தெரிவது. சிரித்தவர்களில் பாதிப் பேர் கன்சோலை, அதாவது இந்த மாதிரி கேம் மிஷினை, தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. சரி, போகட்டும்.

சொல்ல வந்தது ஒன்றுதான். கன்சோல் விற்பது கேமால். கிராபிக்ஸால், அதாவது படத்தின் அழகால் இல்லை.

1989-ல் நிண்டெண்டோவின் கேம்பாய் என்ற கையடக்க மிஷின் வந்தபோது அதில் கலர் கிடையாது, திரையில் விளக்கு கிடையாது. அடுத்த வருஷமே சேகா கம்பெனி கலரும் விளக்குமாக கேம் கியரை இறக்கியது. பார்க்க ஜோர்தான். ஆனால் ஆறு பேட்டரி போட்டாலும் நாலைந்து மணி நேரத்தில் காலி. கேம்பாய் நாலு பேட்டரியில் அதைவிடப் பல மணி நேரம் கூடுதலாக ஓடும், கட்டைகளை அடுக்குகிற டெட்ரிஸ் கேமும் இருந்தது. கலர் மாடலையும் சேர்த்து 11.8 கோடி விற்றது. கேம் கியர் சுமார் ஒரு கோடி.

சோனியின் பிளேஸ்டேஷன் 2, அதாவது பி.எஸ்.2 கதையை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கண்ணால் பார்த்தேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் கேம் சென்டர், மணிக்கு 15 ரூபாய். டிவியின் இடது மூலை எப்போதும் பச்சையாக இருக்கும். யாரோ காந்தம் வைத்துவிட்டதாகச் சொல்வார்கள். ஜாய்ஸ்டிக் முழுக்க இன்சுலேஷன் டேப். டிஸ்க் படிக்கவில்லை என்றால் கடைக்கார அண்ணன் அதைச் சட்டையில் துடைப்பார், அதற்கும் மசியாவிட்டால் மிஷினையே தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார். அப்புறம் ஓடும்! கிரிக்கெட் கேமில் எந்த ஆட்டக்காரர் முகமும் அவர் முகம் மாதிரி இருக்காது. ஆனால் கடைசி ஓவரில் ஆறு ரன் வேண்டும் என்றால் பின்னால் நிற்கிற பத்துப் பேரும் மூச்சு விடமாட்டார்கள். மைக்ரோசாப்டின் அந்தக் காலத்து எக்ஸ்பாக்ஸ் பி.எஸ்.2-ஐவிட சக்தி வாய்ந்தது. விற்றது சுமார் 2.4 கோடி. பி.எஸ்.2 15 கோடியைத் தாண்டியது.

2006-ல் வந்த நிண்டெண்டோவின் வீ (Wii) மிஷினுக்கு எச்.டி. படம் கூடக் கிடையாது. எச்.டி. இருந்த பி.எஸ்.3-ஐ மிஞ்சி 10 கோடிக்கு மேல் போனது. இதற்கு மேல் என்னய்யா வேண்டும்?

"அப்போ பி.எஸ்.4?" என்று கேட்பீர்கள். ஆமாம், அது எக்ஸ்பாக்ஸ் ஒன்னைவிட சக்தி வாய்ந்தது, ஜெயித்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 100 டாலர் குறைவாகவும் விற்றார்கள், அதை ஏன் சொல்வதில்லை? "வீ-க்கு அடுத்து வந்த வீ யூ ஊற்றிக்கொண்டதே?" ஊற்றிக்கொண்டதுதான். பேரைப் பார்த்துப் புது மிஷினா, பழசுக்கு உதிரியா என்று ஜனங்களுக்கே புரியவில்லை. கிராபிக்ஸ் குறைவென்று யாரும் அதை ஒதுக்கவில்லை. அதைப் பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம்.

நான் கிராபிக்ஸுக்கு எதிரி இல்லை. அழகாக இருந்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் நான் பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். தக்காளி விலை ஏறிய வருஷம் முதலாளி கொடுத்த போனஸில் மகளுக்காக ஸ்விட்ச் வாங்கினேன். உலகத்தில் 15 கோடிக்கு மேல் விற்ற மிஷின் அது. அதைப் பொம்மை என்றால் யாரைச் சொல்கிறாய்? பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்விட்டால் ஓசூர் தாண்டி இந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லாம் சின்னப் பசங்களா? அந்த கேம் சென்டர் மாடிப்படியில் நின்று, "மச்சான், அஞ்சு ரூபா குறையுதுடா" என்று கேட்டது மறந்துபோச்சா?

போன தீபாவளிக்குத் துரை பி.எஸ்.5-ஐத் தூக்கிக்கொண்டு வந்தார். காலை ஒன்பது மணிக்கு மாட்டினார். அப்டேட் கேட்டது. எங்கள் தெரு நெட்டில் மத்தியானம் வரைக்கும் பாதிகூட இறங்கவில்லை. அப்புறம் கரண்ட்டும் போச்சு. வாண்டுகள் எல்லாம் திண்ணைக்கு வந்துவிட்டன. நான் ஸ்விட்சின் இரண்டு பக்கத்து ஜாய்ஸ்டிக்கையும் கழற்றி ஆளுக்கொன்று கொடுத்தேன், மரியோ கார்ட் என்ற ரேஸ் கேமைப் போட்டேன். சார்ஜ் தீரும்வரை கத்தல். இடையில் ஒருத்தர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் மகள் கையிலிருந்து பிடுங்கி, "இன்னும் ஒரே ஒரு ரேஸ்" என்று கெஞ்சினார்.

அந்தப் போட்டோவும் என்னிடம் இருக்கிறது மச்சான். போடவா?