சேப்பாக்கம் போனாத்தான் ரசிகனா?

மஞ்சக்குப்பம் டீக்கடையில் ஐ.பி.எல். கிரிக்கெட் மேட்ச் பேச்சு எடுத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. "நேர்ல ஒரு மேட்சாவது பார்த்திருக்கீங்களாண்ணே? இல்லையா? அப்புறம் என்ன சி.எஸ்.கே. ரசிகர்?" என்று ஒரு தம்பி கேட்கிறான். உடம்பில் புது மஞ்சள் ஜெர்சி, முதுகில் தோனியின் 7.

கடலூரிலிருந்து சென்னை சேப்பாக்கம் மைதானம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். ராத்திரி ஏழரைக்கு ஆரம்பிக்கும் ஆட்டம் முடியப் பதினொன்றரை ஆகும். அப்புறம் கூட்டத்தில் அடித்துப்பிடித்துக் கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறி, விடிந்ததும் வேலைக்கு நிற்கணும். டிக்கெட்டோ ஆன்லைனில் கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. பிளாக்கில் சொல்லும் விலைக்கு ஒரு மாத மளிகையே வாங்கிவிடலாம். போக முடியாதவன் ரசிகன் இல்லையா?

2016, 2017 இரண்டு வருஷமும் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு ஐ.பி.எல்.லில் தடை. எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா அப்போதும் வேறு அணிக்குத் தாவவில்லை. 2018-ல் திரும்பி வந்து கோப்பையை வாங்கிய ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து அழுதார். 2025-ல் அணி முதல்முறையாகப் பட்டியலில் கடைசி இடத்துக்குப் போனது. அப்போதும் மீன் அரிந்த ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனைத் தள்ளித் தள்ளி ஸ்கோர் பார்ப்பார். தோற்ற அன்று யாரிடமும் சரியாகப் பேசமாட்டார். இந்தத் தம்பி அந்த வருஷம் ஜெர்சியை மடித்து வைத்துவிட்டு, பெங்களூரு அணி கோப்பை ஜெயித்ததற்குப் பட்டாசு வெடித்தான்.

அக்காவிடம் போய் டிக்கெட் எங்கே என்று கேட்கட்டும், பார்க்கலாம்.