மதிப்பாய்வு முடிந்தால் தரவும் சரியா?

“ஆய்விதழில் வந்துவிட்டது, மதிப்பாய்வாளர்கள் தரவையெல்லாம் சரிபார்த்துத்தான் அனுமதித்திருக்கிறார்கள்” என்ற வாட்ஸ்அப் செய்தி ஏதாவதொரு மருந்தின் பெயரோடு அடிக்கடி சுற்றுகிறது. இது தவறு. பெரும்பாலான இதழ்களில் மதிப்பாய்வாளர் மூலத் தரவைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. கைப்பிரதியைப் படித்து, முறையும் முடிவும் பொருந்துகின்றனவா என்று சொல்வதே அவர் வேலை. அதுவும் பெரும்பாலும் ஊதியமின்றி.

2020 மே 22 அன்று ‘தி லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்ட, ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொரோனா நோயாளிகளுக்குக் கொடுப்பது பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். 671 மருத்துவமனைகள், ஏறத்தாழ 96,000 நோயாளிகள்; மருந்து எடுத்தவர்களிடம் மரணம் அதிகம் என்றது கட்டுரை. சில நாட்களிலேயே உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் பரிசோதனையைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஆனால் ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலியாவில் பதிவான கொரோனா மரணங்களே 67; கட்டுரையிலோ அந்நாட்டு மருத்துவமனைகளில் மட்டும் 73 பேர் இறந்திருந்தார்கள்! நாட்டின் மொத்தத்தைவிட மருத்துவமனைக் கணக்கு பெரிதாக இருந்ததை வெளியில் இருந்தவர்கள்தான் பிடித்தார்கள்.

கட்டுரைக்குத் தரவைக் கொடுத்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் முழுத் தரவைத் தணிக்கைக்குத் தர மறுத்தது. ஜூன் 4 அன்று, நால்வரில் மூன்று ஆசிரியர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

மதிப்பாய்வாளர்மீது மட்டும் பழிபோடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கும் தரவைப் பற்றிக் கேள்வி எழுப்ப வேண்டியவர் இதழாசிரியர். அதே ஆண்டு செப்டம்பரில் லான்செட் தன் விதியை மாற்றியது: ஒன்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் தரவை நேரில் பார்த்துச் சரிபார்த்ததாகக் கையெழுத்திட வேண்டும்.