2018 இறுதியாட்டத்தைப் பற்றி ஒரு திருத்தம்

வணக்கம் ஐயா. கூடைப்பந்தில் உயரமுள்ள அணியே வெல்லும், மன உறுதியும் ஒற்றுமையும் வெறும் பேச்சு, 2018-ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரி மகளிர் இறுதியாட்டம் கடைசி நொடி அதிர்ஷ்டத்தால் முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆட்டத்தில் நடந்தது வேறு.

6 அடி 7 அங்குல உயரமுள்ள டியரா மெக்கோவன் தோற்ற மிசிசிப்பி ஸ்டேட் அணியில்தான் ஆடினார். 18 புள்ளிகளும் 17 ரீபவுண்டுகளும் (கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தார். வென்ற நோட்ர டேம் அணியோ அந்தப் பருவத்தில் 4 ஆட்டக்காரர்களை முழங்கால் தசைநார்க் காயத்தால் இழந்து, எஞ்சிய சிலரை வைத்தே ஆடியது. இடைவேளையில் 17–30 என்று பின்தங்கி, பிறகு 15 புள்ளி வரை பின்னுக்குப் போன அந்த அணி, மூன்றாம் கால்பகுதி முடிவதற்குள் 41–41 என்று சமன் செய்ததை எந்த அதிர்ஷ்டக் கணக்கில் சேர்ப்பது? களைத்த கால்களோடு தடுப்பாட்டத்தை இறுக்கியதும், பதறாமல் பந்தைப் பகிர்ந்ததுமே அந்த மீட்சி. நோட்ர டேம் ஆட்டக்காரர் அரிகே ஒகுன்போவாலேயின் கடைசி எறிதல் (இறுதிக் கணக்கு 61–58) ஓரளவு அதிர்ஷ்டம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அந்த எறிதலுக்கு இடம் கொடுத்ததே அதற்கு முந்தைய உழைப்புதான்.

உயரம் உதவாது என்று நான் சொல்லவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துத் திடலில் வலைப்பந்து ஆடி வளர்ந்த நம் பெண்பிள்ளைகளிடம், ‘குள்ளம், கூடைப்பந்து வேண்டாம்’ என்று பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்கள் பதிவு அவர்கள் கண்ணிலும் படும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.