49 புள்ளியாம்!

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு லப்டொப்பை மூடிவிட்டு நேரே கிணற்றடிக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு கடுப்பு. விறாந்தையில் படுத்திருந்த அம்மா தலையைத் தூக்கி, "என்ன பிள்ளை, வேலையில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்னத்தைச் சொல்ல? உலகத்தில் இல்லாத ஒரு ரெஸ்லிங் கம்பனியில், உலகத்தில் இல்லாத இரண்டு பெண்களுக்கு மூன்று மாதம் கதை கட்டி 22 நிமிடம் சண்டை வைத்தேன் அம்மா, அதற்கு இந்தக் கோதாரி விழுந்த கேம் 49 புள்ளி போட்டிருக்கிறது என்றா?

நூற்றுக்கு 49. அதே சோவில் இரண்டு தடியன்கள் ஒருவர் கழுத்தை மற்றவர் பிடித்துக்கொண்டு 8 நிமிடம் சும்மா நின்றதற்கு 71.

இந்த வகை கேம் தெரியாதவர்கள் பட்டனை அமத்தி ஆளைத் தூக்கி அடிக்கிற கேம் என்று நினைப்பீர்கள். இதில் ரிங்கே கிடையாது, ஒரு உதைகூடக் கண்ணில் படாது. எக்செல் தாளுக்கு உடுப்புப் போட்ட மாதிரிப் பெயர்களும் எண்களும்தான். யார் யாரோடு மோதுவது, யார் வெல்வது, எத்தனை நிமிடம், இடையில் யார் மைக்கைப் பிடித்துக் கத்துவது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று எல்லாவற்றையும் நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்ததும் கேம் அதை நடத்திப் பார்த்துப் புள்ளி போடும். ரெஸ்லிங்கில் முடிவு முன்கூட்டியே எழுதப்படுகிறது என்று தெரிந்த பிறகும் விடாமல் பார்க்கிற என்னைப் போன்ற விசருகளுக்காகவே செய்தது. பகல் முழுக்கக் கிளிநொச்சி டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதிவிட்டு, உருத்திரபுரத்துக்கு வந்து சோறு தின்றுவிட்டு, பிறகு இரவிரவாக இதிலும் கணக்கு. தம்பிதான் ஏற்றித் தந்தான். அவன் இரண்டு கிழமையில் அலுத்துப்போய் விட்டுவிட்டான், நான் விடவில்லை. கம்பனிக்கு இரணைமடு என்று பெயர் வைத்து, வான்கதவால் தண்ணீர் பாய்கிற படம் ஒன்றை அடையாளமாகப் போட்டு, இப்போது கேம் கணக்கில் ஐந்தாவது வருடம் ஓடுகிறது.

ஆண்கள் பக்கம் 26 பேர், பெண்கள் பக்கம் 8. அந்த எட்டுப் பேரையும் நான் ஒவ்வொருவராக மினக்கெட்டுத் தேடிப் பிடித்தேன். கேம் வைத்த பெயர்கள் வாய்க்குள் நுழையாததால் அவர்களுக்கு எங்கள் ஊர்ப் பட்டப்பெயர்கள்தான். நெட்டை, சின்னவள், வாய்க்காரி, கொண்டை, இப்படி. நெட்டை என்னுடைய சம்பியன். திறமை 80க்கு மேல், ஆண்கள் பக்கத்தில் இருக்கிற முக்கால்வாசிப் பேரை விடக் கூட. புகழ் 31.

அங்கேதான் கேமின் கள்ளத்தனம் இருக்கிறது. எங்கள் கம்பனி வகைக்குப் புள்ளி போடும்போது திறமையை விடப் புகழைத்தான் அது கூடப் பார்க்கிறது. சரி, புகழை ஏற்றுவோம் என்றால், புகழ் கூடின ஆளை வெல்ல வேண்டும், அல்லது நல்ல புள்ளி எடுக்கிற மச்சில் இருக்க வேண்டும். நல்ல புள்ளி எடுக்கப் புகழ் வேண்டும். புகழுக்கு நல்ல புள்ளி வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம், கலியாணம் முடிந்தால்தான் பைத்தியம் தெளியும் என்கிற அதே கதை.

எனக்கு இது விளங்கினது அம்மாவின் சீட்டால். அம்மா பத்துப் பேரை வைத்துச் சீட்டுப் பிடிக்கிறவர். ஆளுக்கு மாதம் 5,000, மாதம் ஒருவருக்கு 50,000. யார் முதலில் எடுத்தாலும் யார் கடைசியில் எடுத்தாலும் அந்தப் பத்துப் பேரின் காசுதான் சுற்றிச் சுற்றி வருகிறது, வெளியிலிருந்து ஒரு சதம் உள்ளே வராது. என் பெண்கள் பிரிவும் அப்படித்தான், அதுவும் எட்டு ஏழைகள் சேர்ந்து பிடிக்கிற சீட்டு. நெட்டை சின்னவளை வென்றால் சின்னவளின் புகழில் கொஞ்சம் நெட்டைக்குப் போகும், அடுத்த மாதம் திருப்பிக் கொடுக்கலாம், கூட்டிப் பார்த்தால் அதே தொகை. ஆண்கள் பக்கத்தில் இந்தச் சிக்கல் வரவில்லை, ஏனென்றால் பெரிய கம்பனி ஒன்று கழித்துவிட்ட ஒரு கிழட்டு நட்சத்திரத்தைப் பிடித்து வந்து ஆறு மாதம் எல்லோரிடமும் வரிசையாகத் தோற்க வைத்தேன். அவன் கொண்டு வந்த புகழைப் பெடியள் பங்கு போட்டுக்கொண்டார்கள், மொத்தச் சீட்டும் பெருத்துவிட்டது. பிறகு அவனுக்கு ஒரு பிரியாவிடையும் வைத்து அனுப்பினேன், நல்ல மனுசன்.

அதே வேலையைப் பெண்கள் பக்கத்தில் செய்ய எனக்குத் தெரியாதா? செய்தேன். வேலையில்லாமல் இருக்கிற புகழ்பெற்ற பெண்கள் என்று தேடினால் மொத்தம் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருத்தி கிட்டவும் வரவில்லை. மற்றவளை, 41 வயது, என் ஆண் சம்பியனுக்குக் கொடுப்பதை விடக் கூடச் சம்பளம் கொடுத்துக் கூட்டி வந்தேன். வந்து முதல் மச்சிலேயே, தன்னை விடப் புகழ் குறைந்தவளிடம் தோற்க மாட்டாளாம்! உன்னை விடப் புகழ் கூடினவள் இந்தக் கம்பனியில் எங்கேயடி இருக்கிறாள்? அதற்காகத்தானே உன்னைக் கூட்டி வந்தேன்? சரி என்று அவளையே வெல்ல வைத்து, சமாதானப்படுத்தி, நாலாவது மாதம் நெட்டையிடம் தோற்க ஒருமாதிரிச் சம்மதிக்க வைத்தால், அதற்கு முதல் கிழமை முழங்கால் போய் ஒன்பது மாதம் ஓய்வு. சீட்டை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடின ஆள் மாதிரி இருந்த புகழையும் உறிஞ்சிக்கொண்டு படுத்துவிட்டாள்.

இதோடு பொருத்தம் என்று ஒன்று இருக்கிறது. யார் யாரோடு நன்றாக ஒத்துப்போவார்கள், யார் யாரோடு எப்படி முட்டினாலும் சரிவராது என்பதைக் கேம் மறைத்து வைத்திருக்கும், மோத விட்டுப் பார்த்தால்தான் தெரியும். 26 ஆண்கள் இருக்கிற இடத்தில் இரண்டு பேருக்குப் பொருந்தாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிட்டுப் போகலாம். எட்டுப் பேருக்குள் நெட்டைக்கும் வாய்க்காரிக்கும் பொருந்தவில்லை என்றால் நான் எங்கே போவேன்? என்னிடம் இருக்கிற ஒரே நல்ல வில்லி வாய்க்காரி. மைக் கையில் இருந்தால் சனம் கதிரையை விட்டு எழும்பும். மூன்று மாதம் அவளைப் பேச விட்டு, நெட்டையின் பெல்ட்டைக் களவெடுக்க வைத்து, கதை ஏறி ஏறி உச்சத்துக்கு வந்த இடத்தில், பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூட இல்லை என்று நேற்று இரவு கேம் சொல்கிறது. கலியாண வீட்டில் தாலி கட்டின பிறகு சாத்திரி வந்து சொன்ன மாதிரி. அந்த 49 அப்படி வந்ததுதான்.

அதுக்குப் பிறகு வந்ததுதான் உச்சம். கடைசி மச்சாகப் பெண்களைப் போட்டதால் என் ஆண் சம்பியனுக்கு மனம் நொந்துவிட்டதாம். உடைமாற்றும் அறையில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாராம். கேமில் இருக்கிற கம்பனி முதலாளியிடமிருந்து ஒரு கடிதம், கடைசி மச் எதிர்பார்த்த தரத்தில் இல்லை, கவனிக்கவும் என்று. 52 கிழமையில் 51 கிழமை அந்த மாப்பிள்ளைதான் கடைசி மச். ஒரு கிழமை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

நான் இதை எழுத வந்தது கேமைத் திட்டத்தான், ஆனால் அந்தக் கடிதத்தை வாசிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஊர் விளையாட்டு விழா. பள்ளிக்கூடம் முடித்த வருடம் நான் வலைப்பந்தாட்ட அணியில் இருந்தேன். இறுதிப்போட்டி எங்களுக்கு மத்தியானம் ஒன்றரைக்கு. சித்திரை வெயில், வெறும் கிரவல் தரை, பந்து சுட்டது என்றால் நம்ப மாட்டீர்கள். பார்க்க வந்தது மொத்தம் பதினைந்து பேர் இருக்கும், அதில் அரைவாசி எங்களுடைய அம்மாமார், குடையோடு. நாலரைக்கு வெயில் தாழ, பாட்டுப் போட்டு, பந்தலுக்குள் பிரதம விருந்தினரை இருத்தி, சோடா கொடுத்து, ஆண்களின் உதைபந்தாட்ட இறுதிப்போட்டி. சனமென்றால் சனம். அடுத்த வருடம் கூட்டத்தில் ஒரு அண்ணை எழும்பி, "பிள்ளையளின்ர மச்சுக்கு ஆக்கள் வாறேல்லத்தானே" என்று சொன்னார். அணிகளைக் குறைத்தார்கள். அதற்கடுத்த வருடம் வலைப்பந்தே இல்லை, பெண்களுக்குச் சங்கீதக் கதிரை மட்டும். அந்த அண்ணை கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, இப்பவும் கண்டால் சிரிப்பார். ஆனால் ஒன்றரை மணி என்று நேரம் போட்டதும் அவர்தான்.

கேமும் அந்த அண்ணையும் ஒன்று. சனம் விரும்பவில்லை என்று மட்டும் எழுதும். எந்த நேரத்தில், எத்தனை நிமிடம், எத்தனை வருடமாகக் காட்டினோம் என்று ஒரு எண்ணும் அதில் இல்லை.

நிஜ ரெஸ்லிங்கிலும் இப்படித்தானே நடந்தது. 2015 பெப்ரவரியில் அமெரிக்காவின் பெரிய ரெஸ்லிங் கம்பனியான டபிள்யூடபிள்யூஈயின் வாராந்த ரோ நிகழ்ச்சியில் நாலு பெண்கள் மோதின ஒரு மச் அரை நிமிட அளவில் முடிந்தது. அரை நிமிடம்! நான் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து இருக்கும் முன்னம் முடிந்துவிடும். அதைப் பார்த்த சனம்தான் இணையத்தில் பொங்கி எழும்பி, அவர்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடு என்று கேட்டது. அடுத்த வருடம், அவர்களுடைய வருடத்தின் பெரிய திருவிழாவான ரெஸில்மேனியாவில், பெண் சம்பியனுக்குக் கொடுத்துவந்த வண்ணத்துப்பூச்சி பெல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுப் பெல்ட் கொண்டு வந்தார்கள். (அந்த வண்ணத்துப்பூச்சியைப் பார்த்தால் சின்னப் பிள்ளையின் தலைக்கிளிப் மாதிரி இருக்கும், அதை யார் வரைந்தது என்று எனக்கு இன்னும் கோபம்.) ஒருவர் பின் ஒருவராகப் பலர் இறங்கி மோதுகிற ரோயல் ரம்பிள் மச் ஆண்களுக்கு 1988இல் தொடங்கினது, பெண்களுக்கு வந்தது 2018இல். 1985இல் தொடங்கின ரெஸில்மேனியாவில் பெண்கள் கடைசி மச்சுக்கு வந்தது 2019இல், பெக்கி லிஞ்சும் சார்லட் பிளேயரும் ரொண்டா ரவுசியும். பெக்கிக்காகச் சனம் மாதக்கணக்காகக் கத்திக்கொண்டு இருந்தது. அது மேலே இருந்து விழுந்த புகழா? நேரம் கொடுத்தார்கள், ஏறினது.

யப்பானில் இன்னும் முந்தியே இது நடந்திருக்கிறது. 1985இல் ஒசாக்காவில் சிகுசா நாகயோ, டம்ப் மட்சுமோட்டோ என்ற இரண்டு பெண்கள் தோற்றவருக்குத் தலைமயிர் போகும் என்று மோதினார்கள். சிகுசா தோற்று, ரிங்குக்குள்ளேயே மயிரை வெட்டினார்கள். அரங்கு நிறைய இருந்தது பள்ளிக்கூட வயதுப் பெண்பிள்ளைகள், தேம்பித் தேம்பி அழுதார்கள். அந்த வீடியோவை நான் இரண்டு முறை பார்த்தேன், மூன்றாவது முறை பார்க்க மனம் வரவில்லை. அது இந்தக் கேமில் நடந்திருந்தால் என்ன புள்ளி வந்திருக்கும்? "பெண்கள் பிரிவு, புகழ் போதாது, 52." போடா.

இன்னொன்று, தாங்குசக்தி என்று ஒரு எண் இருக்கிறது. கேம் தானாக உருவாக்குகிற பெண்களுக்கெல்லாம் முப்பது, நாற்பது என்று போட்டு அனுப்புகிறது. முகமாலையில் வெயிலுக்குள் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி மிதிவெடி எடுத்த பெண்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் முப்பத்தைந்துதான் போடுமாக்கும்.

தம்பியிடம் சொன்னேன். "அக்கா, எடிட்டருக்குள்ள போய் எல்லாருக்கும் புகழ் 80 எண்டு மாத்திவிடுங்கோவன், ஆர் பாக்கப்போறது?" என்றான். அது வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியுமே. கடையில் கணக்கு எழுதுகிறவளிடம் வந்து எண்ணை மாற்று என்கிறான்.

இன்று இரவு திரும்பவும் திறந்தேன். முதல் வேலையாக வாய்க்காரியைப் பார்த்தால் அவள் இல்லை. சோவுக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தத்தில்தான் அவளை வைத்திருந்தேன், காசை மிச்சம் பிடிக்க, அதற்குள் பெரிய கம்பனி நிரந்தர ஒப்பந்தம் கொடுத்துக் கொத்திக்கொண்டு போய்விட்டது. அங்கே அவளை என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார்த்தேன். இரண்டாவது மச். 4 நிமிடம். தோல்வி.

மிச்சம் இருக்கிற ஏழு பேரையாவது காப்பாற்ற வேண்டும் என்று, யாருக்கு எப்போது ஒப்பந்தம் முடிகிறது என்பதைக் கைக்குக் கிடைத்த கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். நெட்டை, ஆவணி. சின்னவள், ஐப்பசி. கொண்டை, தை. அது அம்மாவின் சீட்டுக் கொப்பி என்பதைக் கவனிக்கவில்லை. சற்று முன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியோடு வந்து நிற்கிறார்.

"ஆர் பிள்ளை இந்த நெட்டை? ஆவணிச் சீட்டு நான் ரீச்சருக்கெல்லோ சொல்லி வச்சிருக்கிறன்."