மூன்றாம் பக்கத்தை வாசித்து அனுப்பு

போன கிழமை ஒரு தங்கச்சி வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பியிருந்தா. மேசையில் வரிசையாக ஐந்து சிறுவர் புத்தகங்கள். கீழே ஒரு வரி: "அக்கா, தரம் ஒண்டுக்கு வாசிச்சுக் காட்ட இதில எது நல்லம்?" மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பள்ளிக்கு இந்த வருடம்தான் ஆசிரியை நியமனம் கிடைத்துப் போயிருக்கிறா. காலையில் குருக்கள்மடத்தில் பாதை ஏறி, வாவியைக் கடந்து அம்பிளாந்துறையில் இறங்குகிற ஆள்.

அட்டையைப் பார்த்து நான் என்னத்தைச் சொல்ல? "ஐந்திலும் மூன்றாம் பக்கத்தை மட்டும் வாய்விட்டு வாசிச்சு, வொய்ஸ் மெசேஜ் போடு" என்றேன்.

ஐந்தும் வந்தன. முதலாவதில் ஒரே வசனத்துக்குள் மூன்று தரம் மூச்சு வாங்கினா. இரண்டாவது ஏதோ மொழிபெயர்ப்பு. எழுவாய் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் பயனிலை மேற்கே படுவான்கரையிலும் நின்றன, நடுவில் இவ நீந்தினா. மூன்றாவது பத்து செக்கனில் முடிந்துவிட்டது: படம், மரம், பட்டம். நான்காவதில் குரல் காலைக்கூட்டத்தில் நற்சிந்தனை வாசிக்கிற குரலாகிவிட்டது. ஐந்தாவதில் பாதியிலேயே அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடத்துக்குள் விழுந்த தவளை ஒன்று, தண்ணீர் அள்ள வருகிறவர்களுக்கெல்லாம் உள்ளே இருந்தபடி பதில் சொல்கிற கதை.

"இதுதான்" என்றேன்.

"ஆனா அக்கா, இதுல எழுத்து சின்னன். புள்ளைகளுக்கு விளங்காத சொல்லும் கிடக்கு."

இந்த "ஆனா"வுக்காகத்தான் இவ்வளவு நீளப் பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசித்துக் காட்டுகிற புத்தகம் வேறு, பிள்ளை தானாக வாசிக்கிற புத்தகம் வேறு. நாங்கள் இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்து வாங்குகிறோம். ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருந்தால் முதலாம் தரம். அந்தப் பிள்ளைக்கு முன்னால் 247 எழுத்துகள் கிடக்கின்றன. முதல் தவணையில் அதில் ஒரு பிடி பிடிபட்டாலே பெரிய காரியம். அந்த ஒரு பிடி எழுத்தை வைத்துப் பட்டம் விடலாம், கதை விட முடியாது. எழுத்துக் கூட்டிப் பழக அந்த மெல்லிய புத்தகம் வேண்டும்தான். ஆனால் பிள்ளையின் காது ஐந்து வருடமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. பெத்தாவும் (எங்கள் பக்கத்தில் பாட்டி) பக்கத்து வளவு மாமியும் வேலிக்கு மேலால் கதைக்கிற ஊர்ப் பொல்லாப்பெல்லாம் ஒன்று விடாமல் விளங்குகிற பிள்ளையைப் பாய் விரித்து இருத்தி, "இது மரம்" என்று வாசித்தால் என்னைப் பற்றி என்ன நினைக்கும்?

தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாங்கள் கதைக்கிற தமிழும் அச்சில் வருகிற தமிழும் ஒன்றல்ல. மட்டக்களப்பில் எந்த வீட்டிலும் "சென்றான்" இல்லை. "அப்பொழுது" இல்லை, "மறுகா"தான். எழுத்தெழுத்தாகக் கூட்டி, வியர்த்து, "செ-ன்-றா-ன்" என்று ஒரு பிள்ளை முடிக்கிறது என்று வையுங்கள். அந்தச் சொல்லை முன்பு ஒருதரமும் காதால் கேட்டிருக்காவிட்டால், அது எதைக் கண்டுபிடித்தேன் என்று சந்தோசப்படும்? 1985இல் அமெரிக்காவில் வாசிப்பைப் பற்றி ஆராய்ந்த ஆணைக்குழு ஒன்று, பிள்ளை பின்னாளில் நன்றாக வாசிப்பதற்குத் தேவையான அறிவைச் சேர்த்துக் கொடுப்பதில், பெரியவர்கள் வாசித்துக் காட்டுவதைவிட முக்கியமான வேலை வேறில்லை என்று எழுதி வைத்தது. பேச்சும் எழுத்தும் எங்களுடைய அளவுக்கு விலகி நிற்காத ஆங்கிலத்துக்கே அப்படி.

அதனால் புத்தகம் கையில் இருக்கும்போது "சென்றான்" என்பதை "போனான்" என்று மாற்றி வாசிக்க மாட்டேன். என்னோடு படிப்பிக்கிறவர்களில் பலர் மாற்றுவார்கள், பிள்ளைக்கு லேசாக இருக்கட்டும் என்று. அது கதை சொல்வது. அதுவும் வேண்டும், ஆனால் அதைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இன்னொரு நாள் செய்யலாம். (சம்மாந்துறையில் படிப்பிக்கிற என் சிநேகிதி "அம்மா" வருகிற இடமெல்லாம் "உம்மா" என்று வாசிக்கிறா. அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. கதையில் வருகிற தாய் தங்கள் வீட்டுத் தாயாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் நினைப்பதில் என்ன பிழை?)

விளங்காத சொல்லுக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறோம் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. வைகாசிச் சடங்குக்குக் கண்ணகை அம்மன் கோயிலில், கண்ணகியின் கதையைப் பாடுகிற வழக்குரை படிப்பார்கள். பெத்தாவின் மடியில் படுத்துக்கொண்டு கேட்ட பிள்ளை நான். கால்வாசி விளங்கியிருந்தால் அதிகம். சிறுபிள்ளை இருக்கிறதே என்று ஒருவரும் அதை லேசாக்கிப் படிக்கவில்லை. நித்திரையாகிவிட்டாலும் ஓசை காதுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

ஒரு தவணை முழுக்க வாசித்துக் காட்டிய பிறகு ஒருநாள், எங்கள் வகுப்பு மகள் ஒருத்தி தன் பூனை காணாமல்போன கதையைச் சொன்னாள். "மறுகா... மறுகா..." என்று வந்துகொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்திருந்து, "அப்பொழுது அந்தப் பூனை" என்றாள். கைதட்ட வேண்டும்போல இருந்தது.

அதற்காக எந்தப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் போய்விடலாம் என்று இல்லை. முதல் நாள் வீட்டில் ஒருமுறை வாய்விட்டு வாசிக்காமல் போய் நான் பட்டது போதும். "அரசன் நீண்ட பாதையில் நடந்து சென்றான்" என்று வாசித்தேன். ஒரு மகன் கை தூக்கினான். "டீச்சர், பாதையில எப்பிடி நடக்கிற? ஏறி நிக்கிறதானே?" வெளியூர் ஆட்களுக்குச் சொல்கிறேன்: எங்களுக்குப் பாதை என்றால் வாவியைக் கடக்க, மோட்டார்சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை. மண்முனையில் 2014இல் பாலம் வந்து பாதை ஓய்ந்துவிட்டது, ஆனாலும் சொல் போகவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. அன்றைக்கு அரசன் வாவியைக் கடந்துதான் ஊர் போனான்.

யானைக் கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெல்லாவெளிப் பக்கம் நான் படிப்பித்த காலத்தில், யானைக் குட்டி பள்ளிக்கூடம் போகிற படக்கதை ஒன்றை வாசித்தேன். நல்ல வசனம், படங்களும் அழகு. இரண்டாம் பக்கத்திலேயே ஒருவன் எழும்பிவிட்டான். "டீச்சர், எங்கட பெத்தா வீட்டுச் சுவரத் தள்ளிப்போட்டு நெல்லத் திண்டுபோட்டுப் போன." உடனே இன்னொருத்தி, தகப்பன் யானை வெடி கொளுத்தியதைச் சொன்னாள். மற்றொருத்தி, இரவில் சத்தம் போடாமல் எப்படி ஒளித்திருப்பது என்று செய்தே காட்டினாள். புத்தகம் என் மடியில் திறந்தபடி கிடந்தது, பாட வேளை போய்விட்டது. எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, சுவர்க்கதை சொன்ன அதே மகன் கேட்டான்: "மறுகா அந்தக் குட்டி பள்ளிக்குப் போனதா?"

அன்றிலிருந்து யானைக் கதை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. நெல்லைத் தின்ன வருகிற யானையையும் புத்தகப் பை போட்ட யானையையும் பிள்ளை தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் "யானை எங்கள் நண்பன், பயப்படாதே" என்று முடிகிற புத்தகம் ஒன்று இருந்தது. அதை அந்த ஊரில் வாசிக்கவில்லை. அது பொய், அதுவும் ஆபத்தான பொய்.

அடுத்தது, கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் "இக்கதையால் நாம் அறியும் நீதி யாது?" இதற்கு என்னிடம் இருக்கிற மருந்து ஒரு கிளிப். கடைசிப் பக்கத்தை மட்டைக்கு அடியில் மடித்துக் கிளிப் போட்டுவிடுவேன். நீதி கேட்டுப் பழகிய பிள்ளைகள் கதை தொடங்கும்போதே விடையைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருமுறை பிறர் வகுப்பில் இருந்து பார்த்தேன், முயல் ஓடத் தொடங்கவில்லை, அதற்குள் "சோம்பல் கூடாது டீச்சர்!" ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் நாலு வருடம் கிடக்கிறதே, அதற்குள் என்ன அவசரம்?

எதைத் தேடலாம் என்று கேட்டால், திரும்பத் திரும்ப வருகிற வரி உள்ளதைத் தேடுங்கள். தன் பேரை மறந்த ஈ, கன்றுக்குட்டியில் தொடங்கி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போகிற பழைய கதை தெரியும்தானே? மூன்றாவது ஆளிடம் போகும்போது வகுப்பே சேர்ந்து சொல்லும். பின்வரிசையில் இருப்பவனுக்குப் படம் தெரியாவிட்டாலும் அந்த வரி அவனிடமும் இருக்கும். முப்பது பிள்ளைகளுக்கு உள்ளங்கை அளவுப் படத்தைக் காட்டிக் களைத்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவருக்கு எழுதிய கதைப்பாட்டுகளும் அப்படித்தான். அவர் பாடிய கத்தரித் தோட்டத்து வெருளியைக் காட்ட எங்கள் பிள்ளைகளுக்குப் படமே தேவையில்லை, பள்ளி வேலிக்கு அங்கால் ஒன்று நிற்கும்.

காசு விசயம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு படப் புத்தகம் வாங்குவது லேசில்லை, உண்மை. இணையத்தில் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் 2015இலிருந்து இருக்கிறது. தமிழ்க் கதைகளை இலவசமாக எடுத்து அச்சடிக்கலாம். அங்கே நிலை 1 முதல் 4 வரை பிரித்திருப்பார்கள். தரம் ஒன்று என்றதும் எல்லாரும் நிலை ஒன்றைத்தான் இறக்குகிறார்கள். வாசித்துக் காட்ட மூன்றாம் நிலைக்குப் போங்கள். யாரும் மொழிபெயர்த்துப் போடலாம் என்பதால் தமிழ் சிலவற்றில் கல்லும் முள்ளுமாக இருக்கும், மூன்றாம் பக்கப் பரீட்சை அதற்கும் பொருந்தும். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய சிறுவர் நூல்களும் கிடைக்கும்.

பள்ளிக்குள்ளேயே இருக்கிற புத்தகங்களைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு வரும். பேர் வேண்டாம், நான் இருந்த ஓரிடத்தில் புத்தக அலுமாரித் திறப்பு யாரிடம் என்று அறியவே ஒரு தவணை போனது. திறந்தபோது கறையான் எங்களை முந்திவிட்டது.

தங்கச்சி தவளைக் கதையை வாசித்துவிட்டா. ஒன்பது நாளில் ஆறு தரமாம், பிள்ளைகள் விடுகிறார்கள் இல்லையாம். இப்போது அடுத்ததற்கு ஆள் தேடுகிறா. மீன், தோணி, வாவி என்று ஏதாவது, கொஞ்சம் நீளமான கதையாக, வாசித்தால் வாய்க்கு ருசியாக உங்கள் வீட்டில் ஒன்று கிடந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். இரவல் போதும். கிழியாமல் திருப்பித் தருவோம் என்று மட்டும் வாக்குத் தர மாட்டேன்.